ஏழு நாள் விருந்தாளி

ஷார்ஜா,
12.9.2003

அன்புள்ள முத்தழகுக்கு,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரை ஒருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் சோலையம்மாள் அக்காவும் ஆடுகளும் நலம் என்று நினைக்கிறேன். பரமக்குடியிலிருந்து சண்முகவள்ளி வந்து போனாளா? கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் மகள் அப்பனை மறந்துவிட்டாள் என்று நான் குறைப்பட்டதாகச் சொல். கொஞ்சம் கோபத்தோடு சொல், அப்போதுதான் அவளுக்கு உறைக்கும்.

வெள்ளிக்கிழமை ஃபோனிலேயே இதைச் சொல்லியிருப்பேன். ஆனால் ஃபோன் மணி அடித்ததுமே பக்கத்து வீட்டிலிருந்து அக்கா ஓடி வந்துவிடுகிறாள். மழை உண்டா, மிளகாய் என்ன விலை, யார் வீட்டில் விசேஷம் என்பதற்குள் கார்டு தீர்ந்துவிடுகிறது. உன்னோடு மட்டும் பேச எனக்குக் கடிதத்தை விட்டால் வேறு வழி இல்லை.

விஷயம் இதுதான். போன வாரம் நானும், என் அறையில் கீழ்க்கட்டிலில் படுக்கிற கீழக்கரை பாக்கரும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வாசலில் ஒரு சீட்டைக் கொடுத்துச் சுரண்டச் சொன்னார்கள். எனக்குப் பரிசு விழுந்திருக்கிறதாம். எனக்கு இதுவரை எதுவும் விழுந்ததில்லை என்பதால் நம்பிவிட்டேன். பரிசை வாங்க ஒரு ஹோட்டலுக்கு வரச் சொன்னார்கள். போனால் குளுகுளு ஹால், வட்ட மேஜைகள், கேட்கக் கேட்க ஜூஸ். எல்லா மேஜையிலும் புருஷன் பெண்டாட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜையில் மட்டும் ஒரு காலி நாற்காலி.

அது விடுமுறைத் திட்டம். ஒருமுறை சேர்ந்துவிட்டால் வருஷா வருஷம் நமக்கு இவ்வளவு பாயிண்ட் என்று கணக்கில் ஏறும். கொடைக்கானல், மூணாறு, கோவா என்று அவர்களுக்கு ஊர் ஊராக ரிசார்ட் இருக்கிறது. சீசனில் போனால் அதிக பாயிண்ட் கழியும், கூட்டம் இல்லாத காலத்தில் போனால் கம்மி. சராசரியாக வருஷத்துக்கு ஏழு நாள் ராஜா ராணி மாதிரி தங்கலாம். இருபத்தைந்து வருஷத்துக்கு!

என் எதிரே உட்கார்ந்து விளக்கிய பெண் திருச்சிக்காரி, சண்முகவள்ளி வயதுதான் இருக்கும். "கடைசியா மேடத்தை எப்ப சார் டூர் கூட்டிட்டுப் போனீங்க?" என்று கேட்டாள். ராமேஸ்வரம் என்றேன். "ரெண்டு பேர் மட்டுமா?" என்றாள். ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள் என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாகிவிட்டது. நான் இங்கே வந்து பதினெட்டு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் அதே வேன், அதே தீர்த்தம், அதே புளியோதரை. உன்னை ஒரு நாள்கூடத் தனியாக எங்கேயும் அழைத்துப் போகாத பாவி நான்.

அதனால் சேரலாம் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். சலுகை இந்த மாசக் கடைசி வரைக்கும்தானாம். பணத்தை ஐந்து வருஷத் தவணையாகக் கட்டிக்கொள்ளலாம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே. உனக்குச் சம்மதமா என்று மட்டும் எழுது.

உன்,
கூத்தையா

*

வேப்பங்குளம், கடலாடி வழி,
25.9.2003

சண்முகவள்ளி அய்யாவுக்கு முத்தழகு எழுதிக்கொள்வது.

உங்கள் முழங்காலுக்கு இங்கிருந்து தைலம் அனுப்பியிருந்தேனே, அதைத் தேய்த்தீர்களா, பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்களா? மகள் போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அய்யாவுக்கு ஃபோன் போட்டா எங்க அத்தைக்காரி தானே பேசுது" என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான்.

புழுதியிலேயே நெல்லை விதைத்தாயிற்று. கீழ்வானம் தினமும் கறுக்கிறது, பிறகு ஏதோ வேலை வந்ததுபோல் கலைந்து போகிறது. கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போடக் கேட்டு ஆள் வந்தது, விலை படியவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். சினையாடு இரண்டு குட்டி போட்டது.

உங்கள் கடிதத்தை மதினிக்கு வாசித்துக் காட்டவில்லை. மூன்று தடவை நானே வாசித்தேன். பரிசு விழுந்தது என்றீர்களே, என்ன பரிசு என்று எழுதவே இல்லையே? ஜூஸ்தான் பரிசா?

பாயிண்ட் கணக்கு எனக்குப் புரிகிறது. ரேஷன் கார்டு மாதிரிதானே? இந்த மாசம் சீனி வாங்காவிட்டால் அடுத்த மாசம் அது கிடையாது என்பார்கள். அந்தப் பெண்ணிடம் கேளுங்கள், ஒரு வருஷம் போகாவிட்டால் அந்த வருஷத்துப் பாயிண்ட் என்ன ஆகும்? போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் என்று ஏதாவது கேட்பார்களா? ஜூஸ் கொடுக்கிறவர்கள் அதை எங்காவது ஓர் இடத்தில் வசூல் பண்ணாமல் விடமாட்டார்கள்.

எனக்குப் புரியாதது வேறு. வருகிற தையில் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவதாகச் சித்திரையில் எழுதினீர்கள். அந்தக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கிறது. தையில் வருகிறவர் ஐந்து வருஷத் தவணையை எதை வைத்துக் கட்டுவார்? கரிமூட்டம் போட்டா? வருஷத்துக்கு ஏழு நாள் என்று அந்தப் பெண் சொன்னபோது, மீதி நாளை எங்கே வைக்கச் சொன்னாள்?

இதை எழுதும்போது எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் கடிதத்தை முதல் தடவை வாசித்தபோது வந்தது கோபம் இல்லை. வேறொன்று வந்தது. அது என்னவென்று எழுத இன்றைக்குத் தைரியம் போதவில்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தைலத்தைத் தேயுங்கள்.

முத்தழகு

*

ஷார்ஜா,
14.10.2003

அன்புள்ள முத்தழகுக்கு,

தைலத்தைத் தேய்த்தேன். அறை முழுக்க நெடி என்று பாக்கர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பரிசு, உருளை வைத்த ஒரு பெட்டி. இழுத்தால் பின்னாலேயே வருகிறது. இப்போதைக்கு அறையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

நீ கேட்டதை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பயன்படுத்தாத பாயிண்ட் அடுத்த வருஷம் வரைக்கும் உயிரோடு இருக்குமாம், அதற்குப் பிறகு போய்விடுமாம். பராமரிப்புக் கட்டணமும் உண்டு, வருஷா வருஷம் கட்ட வேண்டும். "மேடம் ரொம்ப உஷார் சார்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. மாசக் கடைசி என்ற சலுகையைத் தீபாவளி வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பிறகும் நீளும் என்று பாக்கர் சொல்கிறார். "கூத்தையாண்ணே, அவுக உங்களுக்கு லீவு விக்கலை. வீட்டு நெனப்ப உங்களுக்கே திருப்பி விக்கிறாக" என்றார். அவருக்கு எதிலும் இப்படி ஒரு பேச்சு.

அந்தப் பெண் ஒரு கூப்பன் கொடுத்திருக்கிறாள். சேர்வதற்கு முன்னால் இரண்டு இரவு இலவசமாகத் தங்கிப் பார்க்கலாம். எந்த ஊர் என்று நினைக்கிறாய்? ராமேஸ்வரம்! பாம்பன் பாலம் தாண்டிக் கடற்கரையில் புதிதாக ஒரு ரிசார்ட்டோடு சேர்ந்திருக்கிறார்களாம். கூட்டமில்லாத காலத்தில், வார நாளில் மட்டும் செல்லும். நம் பாக்கரின் மச்சினர், கனி என்று பெயர், நோன்புக்கு ஊருக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். பேரீச்சம்பழமும் வரும்.

என்னால் வர முடியாது. நீ அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்த் தங்கிப் பார். பிடித்திருந்தால் சேருவோம், பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுவோம். முடிவு உன்னுடையது.

தவணையைப் பற்றிக் கேட்டிருந்தாய். கம்பெனியில் இப்போது ஆள் பற்றாக்குறை. ஏசி பிரிவில் பழைய ஆள் என்று நான் ஒருத்தன்தான். எல்லாம் தை நெருங்கும்போது பேசிக்கொள்ளலாம்.

ஏதோ எழுதத் தைரியம் இல்லை என்று எழுதியிருந்தாய். எனக்கு அதை வாசித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

உன்,
கூத்தையா

*

(ரிசார்ட்டின் பெயர் அச்சடித்த தாளில்)

ராமேஸ்வரம்,
18.11.2003, செவ்வாய்

சண்முகவள்ளி அய்யாவுக்கு,

தாளைப் பார்த்ததும் தெரிந்திருக்கும், வந்துவிட்டேன். மேஜையில் தாளும் பேனாவும் சும்மா வைத்திருக்கிறார்கள். எதற்கும் காசு கேட்பார்களோ என்று மதினி தொட விடவில்லை. அவர்கள் குளிக்கப் போயிருக்கும் நேரம் பார்த்து எழுதுகிறேன்.

கனி தம்பி வெயிலில் நடந்து வந்து எல்லாம் கொடுத்தார். நோன்பு என்பதை மறந்து மோரை நீட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுப் போனார். இன்னும் மனசு உறுத்துகிறது, பாக்கரிடம் சொல்லுங்கள்.

ராமநாதபுரத்தில் பஸ் மாறி, தங்கச்சிமடம் தாண்டி இறங்கினோம். நல்ல மழை. வாசல் மேஜையில் இருந்த பெண் கூப்பனைப் பார்த்துவிட்டு யார் பெயரில் என்று கேட்டாள். உங்கள் பெயரை நான் எங்கே சொல்வது? மதினிதான், "கூத்தையா, எந் தம்பி, சார்ஜாவுல இருக்கான்" என்று ஹாலே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்கள்.

"இது ஹஸ்பண்ட் வொய்ஃபுக்கான கூப்பன் மேடம், ரெண்டு பேரும் வரணும்" என்றாள் அந்தப் பெண்.

"அவனுக்குப் பதிலாத்தான் நான் வந்துருக்கேன். அவன விடக் கம்மியாத்தேன் திம்பேன், பயப்படாத" என்றார்கள் மதினி. மேனேஜர் சிரித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

அறைக்குள் போனால் கட்டில் மேல் இரண்டு துண்டை முறுக்கி இரண்டு அன்னமாகச் செய்து, மூக்கோடு மூக்கு ஒட்டி, சுற்றிலும் செம்பருத்திப் பூப் போட்டு வைத்திருக்கிறார்கள். மதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "ஏத்தா முத்தழகு, துண்டப் போயி வாத்தாக்கி வச்சிருக்கான். நனைஞ்சு வந்த தலைய எதுல தொவட்டுறது?" என்றார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ மாதிரியும் இருந்தது. அவிழ்க்க மனம் வராமல் என் சேலைத் தலைப்பிலேயே துவட்டிக்கொண்டேன்.

கடலைப் பார்த்து இரண்டு நாற்காலி போட்டிருக்கிறது. ஒன்றில் நான் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொன்றில் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தேன். உங்கள் முகம் வந்தது. சட்டைகூட வந்தது, அந்த நீலக் கோடு போட்டது. என்ன பேசுவோம் என்று நினைத்தேன். மழை, மிளகாய் விலை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஃபோன் கார்டு இல்லாமலேயே தீர்ந்துபோயிற்று.

மதினி வருகிறார்கள்.

மறுநாள் காலை

விடியும் முன்பே முழிப்பு வந்துவிட்டது. கை விளக்குமாற்றைத் தேடுகிறது. அலமாரிக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அறையைப் பெருக்கி, வாசல் மணலைத் தள்ளி, படுக்கையை மடித்து, காப்பிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தேன். குளியலறையையும் தேய்த்தாயிற்று. மதினி பூவைப் பொறுக்கிச் சாமிக்கு வைத்தார்கள்.

எட்டு மணிக்கு அறை சுத்தம் பண்ணுகிற பெண் வந்தாள். உமையாள் என்று பெயர், தங்கச்சிமடத்துக்காரி. உள்ளே வந்து பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது. நான் பெருமையாக, "உனக்கு வேலை மிச்சம் ஆத்தா" என்றேன்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மா, எல்லாத்தையும் நீங்களே செஞ்சுட்டா அப்பறம் நான் எதுக்கு இங்கன? சூப்பர்வைசர் கேட்டா என்ன சொல்றது? நீங்க விருந்தாளி. சும்மா உக்காந்திருங்க, அதான் எனக்கு ஒத்தாசை."

விருந்தாளி என்று அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். நான் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது. குடித்தேன். கடலைப் பார்த்தேன். இட்லி வந்தது. தின்றேன். மறுபடியும் கடலைப் பார்த்தேன். பத்து மணிக்குள் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு குறையும் இல்லை, அறை அழகு, ஆட்கள் அன்பு. ஆனால் கையைக் காலை என்ன செய்வதென்று தெரியவில்லை. எப்போது ஊருக்குப் போவோம் என்று இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சும்மா உக்காந்திருங்க." லீவுக்கு நீங்கள் வரும்போதெல்லாம் நான் உங்களிடம் சொல்கிறது இதுதானே? உங்களுக்கு நடு வீட்டில் ஒரு நாற்காலி. தினமும் கோழி. நீங்கள் செம்பை எடுக்கக் குனிந்தால் ஓடி வந்து பிடுங்குகிறேன். ஒரு காலைப்பொழுதே எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் எப்படித் தாங்கினீர்கள்?

இதற்குப் பதில் எழுதுங்கள். பாயிண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முத்தழகு

*

ஷார்ஜா,
1.12.2003

அன்புள்ள முத்தழகுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாளாகச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன். வேலை இடத்தில் எடுத்து வாசித்து, ஒருவன் கேட்ட ஸ்பேனருக்குப் பதிலாகச் சுத்தியலைக் கொடுத்தேன்.

கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன். தாங்கவில்லை, முத்தழகு. லீவு கேட்டு எழுதும்போது ஆசையாக இருக்கும். விமானம் ஏறும்போது இன்னும் ஆசை. வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்து, யாருக்கு என்ன என்று கொடுத்து முடித்து, மூன்றாம் நாள் காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்ப்பேன். வெளியே நீ ஆட்களிடம் பேசிக்கொண்டிருப்பாய். வரப்பு யாருக்கு, உழவு எப்போது, எந்த ஆடு விற்கிறது என்று. கண்மாய்ப் பேச்சுக்குக்கூட ஊர்க்காரர்கள் உன்னைத்தான் தேடி வருகிறார்கள். என்னைப் பார்த்ததும், "எப்ப திரும்ப?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

போன லீவில் ஒரு நாள் நீ கடலாடிச் சந்தைக்குப் போயிருந்தாய். ஆட்டுப் பட்டி வேலி ஓர் இடத்தில் பிரிந்து கிடந்தது. பனைநார் எடுத்து ஊறவைத்து, சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து கட்டினேன். கையெல்லாம் முள். அன்றைக்கு ராத்திரி நல்ல பசி எடுத்துச் சாப்பிட்டேன், நீகூடக் கேட்டாய். மறுநாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீ அதை அவிழ்த்து, மறுபடியும் கட்டிக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் மேல் தப்பில்லை. சரியாகக் கட்டத் தெரியாதவன் கட்டினால் ஆடு வெளியே போய்விடும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் என்னைத் தின்கிறது. வேலையை விடுகிறேன் என்று கம்பெனிக்கு நான் இன்னும் எழுதிக் கொடுக்கவே இல்லை. தை பிறக்க ஒன்றரை மாசம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உன் குரலைக் கேட்டதும், எழுதிக் கொடுத்துவிட்டேன் என்று பொய் சொல்ல வாய் வரும், அதுவும் சொல்ல மாட்டாமல் மழையைப் பற்றிக் கேட்பேன்.

உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் அந்த ஹாலில் உட்கார்ந்தேன், அது சத்தியம். ஆனால் ஐந்து வருஷத் தவணை என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்கு மூச்சு லேசானது. இன்னும் ஐந்து வருஷம் இங்கே இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அதுவும் உனக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். ஊரை விட்டு ஓடுகிறவன்கூட இப்படி உன் பெயரைப் போட்டுக்கொண்டு ஓடமாட்டான்.

எனக்கு இப்போது ஐம்பது வயது. நம் வீட்டில் எனக்கு என்ன வேலை இருக்கிறது, சொல். இருந்தால் வருகிறேன். இல்லையென்றால் நீயே முடிவைச் சொல்லிவிடு, சேர்ந்துவிடுகிறேன். வருஷத்துக்கு ஏழு நாள் உனக்குத் தொந்தரவு இல்லாத நல்ல புருஷனாக இருப்பேன்.

அந்தப் பெண் நேற்றும் ஃபோன் பண்ணினாள். சலுகை புத்தாண்டு வரைக்கும் நீண்டிருக்கிறது.

கூத்தையா

*

வேப்பங்குளம்,
13.12.2003

சண்முகவள்ளி அய்யாவுக்கு,

மதினி இன்றைக்குப் பரமக்குடி போயிருக்கிறார்கள். வீட்டில் நான் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

வேலியில் ஒரு குறையும் இல்லை.

நீங்கள் கட்டியது நன்றாகத்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆனால் முடிச்சு என் முடிச்சாக இல்லை. நீங்கள் வெளிப்பக்கம் முடிந்திருந்தீர்கள், நான் உள்பக்கம் முடிவேன், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் வீட்டில் யாரோ வந்து கை வைத்த மாதிரி இருந்தது. யாரோ! கட்டின புருஷனை யாரோ என்று நினைத்திருக்கிறேன். அவிழ்க்கும்போதே தப்பென்று தெரிந்தது, இருந்தும் அவிழ்த்தேன். நீங்கள் ஜன்னலில் நின்றது எனக்குத் தெரியாது. இப்போது அந்த ஜன்னல் பக்கம் போகவே கூசுகிறது.

சண்முகவள்ளி கைக்குழந்தையாக இருந்தபோது நீங்கள் போனீர்கள். அன்றைக்கு எனக்கு ஓர் ஆட்டை அவிழ்த்துக் கட்டக்கூடத் தெரியாது. அழுது அழுதுதான் எல்லாம் கற்றேன். கற்ற பிறகு அதில் ஒரு ருசி வந்துவிட்டது. எந்த வயலில் என்ன என்று நான் சொன்னதுதான். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. நீங்கள் லீவில் வரும்போது கோழி அடித்து நாற்காலி போட்டு உட்கார வைப்பது பாசம் என்றுதான் நானே நினைத்திருந்தேன். பாசமும் உண்டு, இல்லை என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர் எதையும் மாற்றி வைக்கமாட்டார் அல்லவா? உங்களை விருந்தாளியாக வைத்திருந்தது எனக்குச் சவுகரியமாக இருந்தது.

எழுதத் தைரியம் இல்லை என்றேனே, அதையும் எழுதிவிடுகிறேன். வருஷத்துக்கு ஏழு நாள் என்று வாசித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. ஏழு நாள்தான், அதுவும் வேறு ஊரில், என் அடுப்படிக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு நிம்மதி. அடுத்த நிமிஷமே பகீரென்றது. ஊருக்கெல்லாம் சம்பாதித்துப் போட்ட மனுஷன் திரும்பி வராமல் இருந்தால் நல்லது என்று ஒரு பெண்டாட்டி நினைப்பாளா? நினைத்துவிட்டேன். மூன்று மாசமாக ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. அந்தக் கோபத்தைத்தான் தவணை, சீனி என்று உங்கள் மேல் கொட்டினேன்.

ஆக, அந்தத் திட்டம் நம் இரண்டு பேருக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரிதான் இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பயமாக இருக்கிறது. இதில் சேர்ந்துவிட்டால் நாம் கடைசி வரைக்கும் ஒருவருக்கொருவர் மரியாதையாகவே இருந்து செத்துப்போவோம்.

முடிவு என்னுடையது என்று எழுதினீர்கள். வேண்டாம். இரண்டு பேருக்கும் பொதுவானதை என் தலையில் கட்டாதீர்கள். சேருவதென்றால் சேருங்கள், ஆனால் பெண்டாட்டிக்காகச் சேர்ந்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வருவதென்றால் வாருங்கள். வந்தால் கோழி அடிக்கமாட்டேன். ராமேஸ்வரத்துக்கு வேன் பேசமாட்டேன். நாற்காலியை மதினி வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன், அவர்களுக்கு இடுப்பு வலி. நீங்கள் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எழுதக் கை வரவில்லை, பொய் எழுதவேண்டாம் என்று பார்க்கிறேன். சண்டை வரும். நான் விட்டுக்கொடுக்கக் கஷ்டப்படுவேன். பழகிக்கொள்வேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

என்ன வேலை இருக்கிறது என்று கேட்டீர்கள். போன வார மழையில் பட்டி வேலி தெற்குப் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. ஆள் விட்டுக் கட்டலாம் என்றார்கள் மதினி. நான் தொடவும் இல்லை, தொட விடவும் இல்லை. முள்ளை இழுத்து அடைத்து வைத்திருக்கிறேன். எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது.

முத்தழகு

*

ஷார்ஜா,
27.12.2003

முத்தழகு,

வியாழக்கிழமை காலையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொன்னார், சம்பளம் கூட்டுகிறேன் என்றார். மாட்டேன் என்றேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். இன்னமும் பயமாகத்தான் இருக்கிறது. உன் நிம்மதியைக் கெடுக்க வருகிறேனே என்று குற்ற உணர்ச்சி வேறு. நீ எழுதியதற்கு நான் கோபப்படவில்லை. எனக்கு வந்த அதே நிம்மதிதானே உனக்கும் வந்திருக்கிறது.

அந்தத் திருச்சிப் பெண்ணை நானே கூப்பிட்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "ஏன் சார், மேடத்துக்கு ரூம் பிடிக்கலையா?" என்றாள். ரூம் நன்றாக இருந்ததாம், எங்கள் வீட்டில் வேலை கிடக்கிறது என்றேன். "வேலையில இருந்து தப்பிக்கத்தானே சார் எல்லாரும் வர்றாங்க" என்றாள். பாவம், அவளுக்கும் எத்தனை பேரைச் சேர்த்தாள் என்று யாரோ கேட்பார்கள். சண்முகவள்ளி நினைப்பு வந்தது. மன்னித்துக்கொள் அம்மா என்றேன்.

பரிசுப் பெட்டியிலிருந்து வெங்காயத்தை எடுத்தாயிற்று. வாசம் போகவில்லை. யாருக்கும் சாமான் வாங்கவில்லை, பாக்கர் பிடிவாதமாக அக்காவுக்கு ஒரு போர்வை திணித்திருக்கிறார். தை கடைசியில் வருகிறேன். தேதி முடிவானதும் உனக்கு மட்டும் எழுதுகிறேன், அக்காவுக்குச் சொல்லாதே, ஊரைக் கூட்டிவிடுவாள். யாரும் எதிரே வரவேண்டாம். கடலாடியில் இறங்கி நானே நடந்து வருவேன்.

பனைநார் மட்டும் ஊறப் போட்டு வை. வெளிப்பக்கம்தான் முடிவேன், என் கைக்கு அதுதான் வரும். கட்டி முடித்ததும் நீ வந்து பார். பிடிக்கவில்லை என்றால் அவிழ்த்துவிடு. ஆனால் மறுநாள் காலையில் வேண்டாம், முத்தழகு. அப்போதே, நான் பக்கத்தில் நிற்கும்போதே அவிழ்.

கூத்தையா